இரண்டாவது ஆமென்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானஸ்நானம் என்று எனக்கு முதலில் சொன்னது மீன்காரி செலஸ்டினாள், இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், வாசலில் கூடையை இறக்கி வைத்து என் சட்டியில் சாளையை அள்ளிப் போடும்போது. "என்னக்கா, இந்த வயசுல முங்கப் போறியளாமே? சபையில மதலேன்னு பேரைச் சொல்லி அறிவிச்சு எல்லாரும் கைதட்டுனாவளாம், என் நாத்தனா வந்து சொன்னா." எந்த மதலேனைச் சொல்லுதே என்று கேட்டேன். "தெருவுல எத்தனை மதலேன் இருக்கு? பிளாவியாவுக்கு அம்மா மதலேன்தான்" என்று சொல்லிவிட்டு மேலே ரெண்டு மீனைக் கொசுறாகப் போட்டாள், முங்கப் போகிறவளுக்கு என்று. சட்டியைப் பிடித்தபடி நின்றேன். மீன் தண்ணி முழங்கை வரைக்கும் வடிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பிறந்து எட்டாம் நாள் என்னை மாதா கோயிலுக்குத் தூக்கிப் போய் நாக்கில் உப்பு வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி மதலேன் என்று பெயர் வைத்தார்கள். அது எனக்குத் தெரியாமல் நடந்தது, சரி, பச்சைப் பிள்ளை, தெரிய வழியில்லை. இப்போது அறுபது தாண்டி, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டில் சொந்த அடுப்பில் பொங்கித் தின்கிற எனக்கு இரண்டாவது ஞானஸ்நானமும் எனக்குத் தெரியாமலேயா நடக்க வேண்டும்? ஒரு மனுஷிக்கு அவள் முங்கப் போகிற சேதி மீன்கூடையிலா வரும்?

அது செவ்வாய். இன்றைக்கு வெள்ளி, மத்தியானம் மூன்று மணி இருக்கும், என் வீட்டு முன்னறையில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன், என் மகள் போகிற பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர் ஜெபசிங் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். ஆரம்பித்ததுமே கரண்ட் போய்விட்டது. காற்றாடி மூன்று சுற்று சும்மா சுற்றி நின்றது, கண்ணை மூடியிருந்தாலும் அது நிற்பது காதுக்குத் தெரிகிறது. அவருக்கு அது தெரியவில்லை. "இந்த மத்தியான வேளைக்காக ஸ்தோத்திரம் அப்பா, இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம் அப்பா" என்கிறார். என் மகன் வயசுதான் இருக்கும். நல்ல பிள்ளை, வாசலில் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைக்கிற பிள்ளை, அவரைப் பெற்றவள் நன்றாக வளர்த்திருக்கிறாள். முழுக்கைச் சட்டையில் வேர்த்து ஒழுகுமே, பாவம். எனக்குப் பின்னால் நின்று தலைமேல் கையை வைத்திருப்பது சபையில் பாடுகிற எஸ்தர். கனமான கை. கை வைத்தவள் சும்மா வைக்காமல் ஸ்தோத்திரம் வரும்போதெல்லாம் ஒரு அமுக்கு அமுக்குகிறாள், என் கழுத்து ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் உள்ளே போய் உள்ளே போய் வருகிறது. பக்கத்து நாற்காலியில் என் மகள் பிளாவியா. அவள் மூச்சு எனக்குத் தெரியும், அழுகிறதுக்கு முன்னால் மூக்கால் இழுப்பாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எதிர்ச் சுவரில் மாதா. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மாதா சுரூபம், நானும் அவரும் கல்யாணம் முடிந்த வருஷம் வாங்கியது. அதன் மேல் துண்டு. என் துண்டு. அவர்கள் வருவதற்கு முன்னால் பிளாவியா கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து பெட்டி மேல் போட்டாள். "அவங்க பார்த்தா சங்கடப்படுவாங்கம்மா." எனக்குச் சங்கடமில்லையாட்டி என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்களை வாங்க என்று சொல்ல வேண்டும், நாற்காலி இழுத்துப் போட வேண்டும். இப்படித்தான் என் பேச்செல்லாம் தொண்டையிலேயே நின்று போகிறது. துண்டு சின்னது, பெட்டி பெரியது, கீழே மாதாவின் பாதம் மட்டும் தெரிகிறது. இப்போது கண்ணைத் திறந்தால் அந்தப் பாதம் தெரியும். திறக்கக் கூடாது. செபமாலையை அடுக்களையில் டீத்தூள் டப்பா மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் அவள் சொன்னதுதான். அதனால் என்ன, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு விரல் கணுவில் மாதாவின் பிரியதத்த மந்திரம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். சுண்டுவிரல் முடிந்தது. மோதிர விரலில் எங்கே நின்றேன்? இரண்டாவது கணுவா, மூன்றாவதா? எஸ்தர் அமுக்கின அமுக்கில் தப்பிப் போயிற்று. மறுபடியும் சுண்டுவிரலில் இருந்து.

தப்பு எங்கே நடந்ததென்றால் போன வெள்ளிக்கிழமை. அதே நாற்காலி, இதே கை தலைமேல். டீ போட வேண்டுமே என்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், ஜெபம் கொஞ்சத்தில் முடிந்துவிடும் என்று. எங்கள் கோயில் செபம் எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும், சோறு வடித்துக்கொண்டே சொல்லலாம். இவர்கள் ஜெபத்துக்கு முடிவு எங்கே என்று யாருக்கும் தெரியாது, முடியப் போவது மாதிரி இறங்கும், மறுபடியும் எழும்பும். பால் வாசனை வர ஆரம்பித்தது. பொங்குகிறது, பொங்குகிறது, அடுப்பு அணையப் போகிறது, கேஸ் கசியப் போகிறது என்று நெஞ்சு பதறுகிறது. அவர் என்ன சொல்கிறார் என்று என் காதில் ஏறவேயில்லை. குரல் இறங்கி, பிதாவே என்று முடிந்ததும் நான்தான் எல்லோருக்கும் முதலில் ஆமென் சொன்னேன், சத்தமாக, எழுந்து ஓடுகிற அவசரத்தில். எங்களுக்கு அது பழக்கம். சாமியார் செபம் முடித்தாலும், கல்லறையில் யாரோ செபம் முடித்தாலும், ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு யாரோ வந்து செபித்து முடித்தாலும் ஆமென் என்று வாய் தானாகச் சொல்லும். சொல்லாமல் இருந்தால் வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் நின்ற மாதிரி இருக்கும். ஆமென் என்றதும் எஸ்தர் அல்லேலூயா என்று கத்தினாள், பிளாவியா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்கக்கூட இல்லை, விடுட்டி, பால், பால் என்று அடுக்களைக்கு ஓடினேன். பால் பாதிக்கு மேல் அடுப்பில். அந்த ஜெபத்தில் அவர் சொன்னது என்னவென்று பிளாவியா பிறகுதான் சொன்னாள், மீன்காரி சொன்ன அன்றைக்கு நான் போன் போட்டுக் கேட்டபோது. "இந்தத் தாயார் வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிற்றில் தண்ணீரில் இறங்கத் தன்னை ஒப்புக்கொடுக்கிறார்கள்னு பாஸ்டர் சொன்னாரும்மா, நீங்கதான ஆமென் சொன்னீங்க." நான் காதில் வாங்கவில்லையே. "ஆண்டவர் வாங்கியிருக்கார்ல?"

நடுவிரல். இங்கேதான் எனக்குப் பொறுக்க முடியாமல் வருகிறது. நான் மாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன், போனில், தெளிவாக. ஏட்டி, எனக்கு வேண்டாம், உங்க பாஸ்டர்கிட்ட சொல்லு. அதற்கு அவள், "அது நீங்க பேசலைம்மா" என்றாள். பின்னே யாரு பேசுதா? "தடுக்கிற ஆவிம்மா. ஞானஸ்நானம் நெருங்கும்போது இப்படித்தான் வரும்னு பாஸ்டரம்மா சொல்லியிருக்காங்க." நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தேன், இது என் மகள்தானா என்று. நான் சரி என்றால் அது நான். நான் வேண்டாம் என்றால் அது பிசாசு. அப்படியானால் நான் எப்போதுதான் பேசுவது? இந்த வாயை நான் எந்த வேலைக்கு வைத்திருக்கிறேன்? இதே வாய்தானே அவளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்தது. கத்தரிக்காய் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிடுவாள், மூன்று வயசில், நான் ஒருநாளாவது கத்தரிக்காய்ப் பிசாசு என்று சொன்னேனா? வேண்டாம் என்றால் வேண்டாம், நாளைக்குச் சாப்பிடுவாள் என்று முட்டையைப் பொரித்துக் கொடுத்தேன். இன்றைக்கு வரைக்கும் அவள் கத்தரிக்காய் தொடுவதில்லை, நானும் விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் விடமாட்டார்களா. போன வருஷம் இன்னொரு கூட்டம் வந்தது, இவர்கள் இல்லை, அவர்கள் வேறே, நெற்றியில் பொட்டு வைத்த நாலு பேர், கையில் நோட்டீசு. உங்க முன்னோரெல்லாம் இன்னார், தாய்மதத்துக்குத் திரும்பி வாங்கம்மா என்றார்கள். நான் எங்கேயும் போகவில்லையே தம்பி, திரும்பி வருவதற்கு, இந்த வீட்டில்தானே இருக்கிறேன் என்றேன். மோர் குடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அதைக் கேட்டு மூன்று நாள் சிரித்தாள். அவள் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்குத் திருநீறு பூச வந்ததில்லை, நான் அவளுக்குச் சிலுவை போடப் போனதில்லை. காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக்கொண்டு வருவாள். செவ்வாய்க்கிழமை அவளிடம் இந்தச் சேதியைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. "மக பொல்லாப்பு வேண்டாம்னு போயிராதீங்க மதினி, பொறவு ராத்திரி தூக்கம் வராது" என்றாள். சரியாகத்தான் சொல்கிறாள். எந்த விரல்? நடுவிரலா? ஏற்கெனவே முடித்ததை மறுபடியும் எண்ணுகிறேன் போலிருக்கிறது, மாதாவே, கூடுதலாகப் போனால் வைத்துக்கொள், யாருக்காவது கொடு.

"கட்டுகளை அறுத்துப்போடும் அப்பா" என்கிறார் பாஸ்டர், குரல் ஏறுகிறது. வேர்வை என் முதுகில் ஒரு கோடாக இறங்குகிறது. எஸ்தர் உள்ளங்கையிலும் வேர்வை, என் தலைமுடியெல்லாம் நனைந்துவிட்டது, இதுவே ஒரு ஞானஸ்நானம்தான். சிரிப்பு வருகிறது. சிரித்தால் தொலைந்தேன், அதையும் ஏதோ ஒரு ஆவி என்பார்கள். பிளாவியா மூக்கை இழுக்கிறாள். அழாதட்டி. அவளை நினைத்தால்தான் என் கோபமெல்லாம் காலில்லாமல் போய்விடுகிறது. மருமகன் ரெக்ஸன் குடித்துக் குடித்து அவளை அடித்த காலத்தில் விடியற்காலம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த வாசலில் வந்து நிற்பாள். நான் ஒன்பது நாள் நவநாள் செபம் வைத்தேன், கோயிலில் முட்டி போட்டு நடந்தேன், மெழுகுத்திரி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ கூப்பிட்டு அந்தச் சபைக்குப் போனாள். அந்த ஆட்கள் மூன்று ராத்திரி அவள் வீட்டில் உட்கார்ந்து உபவாச ஜெபம் பண்ணினார்கள், ரெக்ஸனைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள், கை நடுங்கினபோது பிடித்துக்கொண்டார்கள். எங்கள் கோயில் பங்கில் இருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அதை நான் மறைக்கவில்லை. அவன் குடியை விட்டான். இன்றைக்கு வரைக்கும் தொடவில்லை. அதற்காக நான் அந்தச் சபைக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை, பூசையில் இந்தப் பாஸ்டர் பெயரைக்கூடச் சொல்லி வேண்டியிருக்கிறேன், அது அவருக்குத் தெரியாது. "உங்க நவநாளுக்குக் கேக்காதது எங்க ஜெபத்துக்குக் கேட்டுச்சும்மா" என்பாள் பிளாவியா. கேட்டவர் ஒருத்தர்தானட்டி, அவருக்கு எந்தக் காதில் கேட்டால் என்ன என்பேன். அவளுக்கு அது பிடிக்காது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள், அது போதாதா எனக்கு. போதும். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் அவள் காதைப் பார்க்க முடியவில்லை. கம்மலைக் கழற்றிவிட்டாள், தாலியைக் கழற்றிவிட்டாள், காதில் துளை மட்டும் இருக்கிறது. நான் குத்திவிட்ட துளை. காதில் ஊசி ஏற்றினபோது என் சேலையைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதாள். நானும் முங்கினால் இதைக் கழற்ற வேண்டுமாம், இந்தத் தாலியை. அவர் செத்தபோதே கழற்றாதது. எங்களில் சிலர் கழற்றுவார்கள், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், யாரும் என்னைப் பிசாசு என்று சொல்லவில்லை. நகையை விட்டதில் கோபமில்லை அவள்மேல், அது அவள் கழுத்து. இது என் கழுத்து. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஏழாம் வகுப்போடு நின்றவள் நான்.

புதன்கிழமை ராத்திரி அவள் சொன்னது ஒன்று இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று விரலை அழுத்திக்கொள்கிறேன், அது வந்து நிற்கிறது. "நீங்க இறங்கலைன்னா இனி நான் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்மா. விக்கிரகம் இருக்கிற வீட்டுல என் பிள்ளைய எத்தனை நாள் விடுவேன்?" பேத்தி ஷெக்கினா போன குருத்தோலைத் திருநாளுக்கு வந்தாள், ஓலைக் கொழுக்கட்டையை எடுத்துக் கொடுத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டது அந்தப் பிள்ளை. "வேண்டாம் பாட்டி, படைச்சது." படைச்சது இல்லம்மா, அவிச்சது என்றேன். பச்சரிசியும் கருப்பட்டியும் தேங்காயும் வைத்து இட்லிச் சட்டியில் அவித்ததை யாருக்குப் படைப்பேன். அது அம்மா முகத்தைப் பார்த்தது, பிளாவியா தரையைப் பார்த்தாள். பிளாவியாவுக்கு உயிர் அந்தக் கொழுக்கட்டை என்றால். அன்றைக்கு அவள் போன பிறகு பார்த்தேன், தூக்குவாளியில் மூன்று குறைந்திருந்தது, எடுத்துப் போய்த் தின்றிருக்கிறாள், எனக்குத் தெரியும், அவளுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும், ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இப்படியே இருந்துவிடலாமே. தெரிந்தும் தெரியாமலும். எத்தனை வீட்டில் எத்தனை காரியம் அப்படி ஓடுகிறது. மஸ்கட்டில் இருக்கிற மகன் அமல்தாஸிடம் அழுதேன். அவன் சொல்கிறான், "யம்மா, ஒரு முங்கு முங்கிட்டு வந்திருங்க, என்ன கெட்டுப்போச்சு, அவ வாயை மூடுவா. பொறவு வழக்கம்போலக் கோயிலுக்குப் போங்க." அவனுக்கு எல்லாம் சண்டை இல்லாமல் முடிய வேண்டும். உள்ளதைச் சொன்னால் எனக்கு இவனைக் கண்டுதான் அதிகக் கோபம். நம்பி வருந்திக் கூப்பிடுகிறவளுக்காவது ஒரு மரியாதை உண்டு. நம்பாமல் முங்கு என்கிறானே. அந்தச் சபைத் தொட்டித் தண்ணிக்குள் பொய்யாக இறங்கினால் அது பிளாவியாவுக்கும் துரோகம், இந்தப் பாஸ்டர் தம்பிக்கும் துரோகம், எனக்கும். என் வீட்டுக்காரர் சந்தியாகு என்ற பெயரோடு துறைமுகத்தில் பளு தூக்கும் வின்ச் ஓட்டி, ஒரு திருநாள் தப்பாமல் பூசை கண்டு, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார். பக்கத்தில் எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. முங்கினவளை அங்கே அடக்கம் பண்ணுவார்களா, சாமியார் விடுவாரா, தெரியாது. நவம்பர் மாதம் அவர் கல்லறையில் நான் திரி ஏற்றுகிறேன். பிளாவியா இப்போது வருவதில்லை. நான் போன பிறகு யார் ஏற்றுவார்கள் என்று ஒரு நினைப்பு. முங்கினால் எனக்கு அவர் பக்கம் இல்லை. முங்காவிட்டால் எனக்கு மகள் இல்லை. இதை யோசித்தால் நெஞ்சுக்குள் ஒரு கல் உருளுகிறது, மாத்திரையைக் காலையில் போட்டேனா?

ஒருவேளை இவர்கள் சொல்கிறதுதான் சரியோ என்று பயமும் வருகிறது, வராமல் இல்லை. சாயங்காலம் தனியாக இருக்கும்போது வரும். முன்னொரு நாள் வந்தபோது இந்தத் தம்பி கேட்டார், "பச்சைப் பிள்ளையில உங்க தலையில தண்ணி ஊத்துனாங்களே அம்மா, அது நீங்க விரும்பிக் கேட்டதா?" கேட்டுவிட்டு ஜெயித்துவிட்ட மாதிரி எஸ்தரைப் பார்த்தார். ராத்திரிப் பாத்திரம் கழுவும்போதுதான் பதில் வந்தது, எப்போதும் எனக்குப் பதில் பாத்திரத்தோடுதான் வரும். இல்லை தம்பி, அது நான் கேட்டதில்லை. இதுவும் நான் கேட்டதில்லையே. அதற்குப் பிறகு அத்தனை வருஷமாக நான் முட்டி போட்டேனே, அது நான் கேட்டது. பிளாவியா டைபாயிடில் கிடந்தபோது போட்டது, அவரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தபோது போட்டது, ஒரு பிரச்சனையும் இல்லாத சாதாரண திங்கட்கிழமைகளில் போட்டது. அதையெல்லாம் யார் கணக்கில் வைப்பது, அதெல்லாம் தண்ணீரில் கரைந்து போகிறதா? "அப்பா, இந்தத் தாயார் ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்கும்போது" என்கிறார். வந்துவிட்டது. இந்தத் தடவை என் காது திறந்திருக்கிறது. இன்றைக்குப் பால் வைக்கவில்லை, அடுப்பே பற்ற வைக்கவில்லை, வந்தவர்களுக்கு ஒரு டீகூடக் கொடுக்க முடியாது என்று தெரிந்தும் வைக்கவில்லை. "பழைய மனுஷி அடக்கம் பண்ணப்படட்டும் அப்பா, புதிய மனுஷியாய் எழும்பட்டும் அப்பா." அந்தப் பழைய மனுஷி யார்? அவள்தானே பிளாவியாவைப் பெற்றது? அவளை அடக்கம் பண்ணிவிட்டு எழும்பி வருகிறவளை அம்மா என்று இவள் எப்படிக் கூப்பிடுவாள்? குரல் இறங்குகிறது. இது நிஜ இறக்கமா, மறுபடி ஏறுமா? இறங்குகிறது. எஸ்தர் கை அழுந்துகிறது. என் நாக்கு எழும்பத் தயாராகிவிட்டது, அதற்குத் தெரியாது எதற்கு என்று, பூசை மணிச் சத்தம் கேட்டால் முட்டி தானாக மடங்குகிற மாதிரி. பல்லை இறுக்குகிறேன். முந்தானைக்குள் விரல் கட்டைவிரலில் நிற்கிறது, அதற்கு மேல் கணு இல்லை. "இயேசுவின் நாமத்தினால் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள நல்ல பிதாவே." ஆமென், எஸ்தர். ஆமென், பிளாவியா, அழுகையோடு.

நான் சொல்லவில்லை. வாய்க்குள் அது இருக்கிறது, விழுங்காத மாத்திரை மாதிரி. தெருவில் ஒரு சைக்கிள் மணி. பேச்சியம்மாள் வீட்டில் குழம்பு தாளிக்கிற சத்தம், கடுகு பொரிகிறது. "அம்மா, ஆமென் சொல்லுங்க" என்கிறார் பாஸ்டர், பாடம் மறந்த பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி, இதமாகத்தான். கண்ணைத் திறந்தேன். துண்டு, துண்டுக்குக் கீழே பாதம். "சொல்லமாட்டேன் தம்பி" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை, கொஞ்சம் கீச்சென்று வந்தது. எஸ்தர் அமுக்கினாள், "தடுக்கிற ஆவியே, உன்னை இயேசுவின் நாமத்தில்" என்று ஆரம்பித்தாள். "எஸ்தர், கையை எடும்மா, கழுத்து வலிக்குது. ஆவி இல்ல, நான்தான் பேசுதேன். மதலேன்." கை தலையிலிருந்து எழும்பியது. தலை லேசாகி, கூரை உயர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. "போன வாரம் சொன்னீங்களேம்மா" என்றார் அவர், குழம்பிப் போய். "போன வாரம் பால் பொங்குச்சு தம்பி." அவர் என்னைப் பார்த்தார், பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது, சிரிப்பாகவும் இருக்கலாம். "நீங்க மழைக்குச் செபிங்க, நோயாளிக்குச் செபிங்க, என் மகளுக்கும் மருமகனுக்கும் செபிங்க, இதே இடத்துல உக்காந்து எல்லாத்துக்கும் ஆமென் சொல்லுதேன். என்னை இறக்குறதுக்கு மட்டும் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில நீங்களே அறிவிச்சிருங்க, அந்த அம்மா வரலைன்னுட்டாங்கன்னு. மீன்காரி வந்து எனக்குச் சொல்லுறதுக்கு முன்னால." "அம்மா" என்றாள் பிளாவியா. ஒரு சொல்தான். சின்ன வயசில் காது குத்தினபோது கூப்பிட்ட அதே குரல். அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடுவேன். எழுந்தேன், முட்டி பிடித்துக்கொண்டது, சுவரைப் பிடித்துப் போய்ப் பெட்டி மேலிருந்த துண்டை எடுத்தேன். அந்தத் தம்பி சட்டைக் காலர் வரைக்கும் வேர்த்து நின்றார், முகமெல்லாம் தண்ணீர். "துடைச்சுக்கோங்க. காலையில துவைச்சதுதான்." அவர் துண்டைப் பார்த்தார், துண்டு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வாங்கித் துடைத்துக்கொண்டார், கழுத்து, பிடரி எல்லாம், வீட்டுப் பிள்ளை மாதிரி.

அவர்கள் இறங்கிப் போனார்கள். எஸ்தர் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, அவர் சொன்னார். பிளாவியா கடைசியாக ஸ்கூட்டி சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வாசலில் செருப்பைத் தேடினாள், காலுக்கு முன்னால் கிடந்தது, தேடினாள். ஏறமாட்டேன் என்று சொன்ன படியில்தான் நிற்கிறாள், இறங்க மனசில்லாமல். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது. கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் போலிருந்தது, கல்லறை, கொழுக்கட்டை, கத்தரிக்காய், எல்லாம், ஆனால் எனக்கு எடுத்துச் சொல்ல வராது, அது பாத்திரம் கழுவும்போதுதான் வரும். அதற்குள் கரண்ட் வந்து முன்னறையில் காற்றாடி முனகிச் சுற்ற ஆரம்பித்தது. அவள் வண்டியை எடுத்துத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சபைக்குப் போவது இந்தத் தெரு வழியாகத்தான், கோயிலைத் தாண்டித்தான், வேறே வழி கிடையாது. படியில் நின்றுகொண்டு, "பிளாவியா" என்றேன். திரும்பவில்லை, ஆனால் வண்டியைக் கிளப்பவும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை போற வழியில என்னைக் கோயில் வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போ, ரெண்டாம் பூசைக்கு. கால் வலிக்குது, நடக்க முடியல. நீ உள்ள வரவேண்டாம். வண்டியை நிறுத்தக்கூட வேண்டாம், கொஞ்சம் மெதுவாப் போனாப் போதும், நான் இறங்கிக்கிடுவேன்."